மீதி ஒன்பது நாள்

தளம் போட்ட மறுநாள் சைட்டில் ஒரு குட்டி விவசாயம் நடக்கும். கான்கிரீட்டின் மேல் சிமென்ட் கலவையால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். ‘க்யூரிங்’ என்று பெயர். ஈரம் காயாமல் இருந்தால்தான் சிமென்ட் முழு வலுவோடு இறுகும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்தது என்றால் 10 நாள் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அனாபிலிஸ் ஸ்டீபன்சை என்ற கொசுவின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். சாக்கடையைத் தேடிப் போகிற ஜாதி அல்ல இது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, ட்ரம், பாத்தி கட்டிய தளம் என்று தெளிந்த தண்ணீராகப் பார்த்து முட்டையிடும். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதல் ஆள் இந்தக் கொசுதான்.

சென்னையை ஒட்டிய நாவலூரில் இப்படிப்பட்ட பாத்திகளுக்குப் பஞ்சமே இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் மெட்ரோவுக்காக ஓஎம்ஆர் என்ற பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. உள்ளே தாழம்பூர்ப் பக்கம் திரும்பினாலும் படூர்ப் பக்கம் போனாலும் பாதி எழும்பிய அடுக்குமாடிகள். அவற்றைக் கட்டுகிறவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று பல ஊர்க்காரர்கள். தகர வேலிக்குப் பின்னால் லேபர் ஷெட்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்கறி, செல்போன் ரீசார்ஜ், மலிவு சட்டை வாங்க வெளியே வரும்போதுதான் ஊர் அவர்களைப் பார்க்கிறது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசு எடுத்த கணக்கில் மாநிலத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம் பேர். அதில் ஐந்தில் ஒரு பங்கினர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தார்கள். அந்த மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்ததுதான் செங்கல்பட்டு. நாவலூர் செங்கல்பட்டின் வடக்கு ஓரம்.

விளங்குவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 24. ஊர், ஜார்க்கண்டில் காட்டை ஒட்டிய ஒரு கிராமம். வேலை, கம்பி கட்டுவது. நாவலூருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு நாள் மதியம் குளிர் தூக்கிப் போடுகிறது, பிறகு காய்ச்சல் கொதிக்கிறது, பிறகு வேர்த்து விடுகிறது. ரத்தத்தைச் சோதித்தால் மலேரியா, வைவாக்ஸ் வகை. இங்கே யார் கடித்து வந்தது என்று கேட்கத் தோன்றும். இங்கே எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை. வைவாக்ஸ் ஒட்டுண்ணிக்கு ஒரு தந்திரம் தெரியும். கொசு கடித்ததும் கல்லீரலுக்குப் போகிற கிருமிகளில் ஒரு பகுதி பெருகி ரத்தத்துக்கு வரும். இன்னொரு பகுதி அங்கேயே தூங்கிவிடும். ஹிப்னோசோயிட் என்று பெயர். கிரேக்க மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தூக்கம் சில வாரத்தில் கலையலாம், எட்டொன்பது மாதம் கழித்தும் கலையலாம். ஜார்க்கண்டில் கடித்த கொசுவின் காய்ச்சல் நாவலூரில் வருவது இப்படித்தான். ரயிலில் டிக்கெட் எடுத்தவர் ஒருவர், வந்து இறங்கியது இரண்டு உயிர்.

சிகிச்சையும் இரண்டு தவணை. குளோரோகுயின் மூன்று நாள். ரத்தத்தில் இருக்கும் கிருமியை அது கொல்லும், காய்ச்சல் இறங்கும். ஈரலில் தூங்குவதை அது தொடாது. அதற்கு ப்ரிமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளே உடம்பு லேசாகிவிட்ட மனிதர் பதினான்காம் நாள் வரை ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்? முழுவதையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்தான். ஆனால் சிலருக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் இடையிடையே வந்து முகத்தைப் பார்த்து, விழுங்கினாரா, சிறுநீர் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். நம்மவருக்கு ஐந்தாம் நாள் காலையில் மேஸ்திரியிடமிருந்து போன் வருகிறது. இங்கே கம்பி வேலை முடிந்தது, ஸ்ரீசிட்டியில் ஆள் வேண்டும், வேன் வருகிறது. ஸ்ரீசிட்டி ஆந்திராவில் இருக்கிறது. மீதி ஒன்பது நாள் மருந்தை யார் கணக்கில் எழுதுவது?

மாத்திரை விலை ஒன்றும் பெரிதில்லை. எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். பரிசோதனையும் இலவசம். யாரும் ஆதார் கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அவர் குணமாகாமல் போகிறார். ‘புலம்பெயர்ந்தோருக்கு மருத்துவ வசதி’ என்றதும் பணம், இன்சூரன்ஸ் அட்டை, மொபைல் வேன் என்று பேச்சு போய்விடுகிறது. எனக்கென்னவோ அதெல்லாம் இரண்டாம் பட்சம் என்று தோன்றுகிறது. நம் பொதுச் சுகாதார ஏற்பாடு மொத்தமும், ஓர் ஆள் ஒரே இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டியது. அந்த நம்பிக்கை கெட்டியாக இருந்ததால்தான் தமிழ்நாடு இந்தத் துறையில் நல்ல பெயர் வாங்கியது. இன்றைக்கு இடறுவதும் அதே இடத்தில்தான்.

மேலே போவதற்கு முன் ஒன்று. நோயை வெளியூர்க்காரர்கள் கொண்டுவருகிறார்கள் என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புலம்பல் உண்டு. சென்னையில் மலேரியா அவர்கள் வருவதற்கு வெகு முன்பே இருந்தது. பல ஆண்டுகள் தமிழகத்தின் மலேரியாவில் பெரும்பகுதி சென்னையுடையது. கிருமி அவர்களுடையதாகவே இருக்கட்டும், தொட்டி நம்முடையது. இங்கே தொற்றிக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோவதும் நடக்கும். இந்தக் கொசுவேகூடப் பெரிய பயணிதான். ஆசியாவில் மட்டும் இருந்தது, 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டு, இன்று ஆப்பிரிக்க நகரங்களைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழகத்தில் இப்போது ஆண்டுக்குச் சில நூறு மலேரியா நோயாளிகள்தான். 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்ஜியமாக்க வேண்டும், 2030-க்குள் நாட்டை விட்டே ஒழிக்க வேண்டும் என்பது தேசிய இலக்கு. எண்ணிக்கை இறங்க இறங்க வேலை சுலபமாகும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். வீட்டில் இருப்பவர்களின் நோயெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது, கணக்கில் சிக்காமல் நகர்ந்துகொண்டே இருப்பவர்களின் நோய்.

கணக்கு என்றேனே, அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்தியாவின் அளவுகோல். துணை நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர் சொல்லும் பெயர் நர்ஸம்மா. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று அவர் பதிவேட்டில் இருக்கும். 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, இந்தியாவில் முதல் முறையாக அப்படிச் செய்த மாகாணம் என்று பெயரெடுத்த சென்னை மாகாணத்தின் தொடர்ச்சி அது. அந்தப் பதிவேடு தெருவையும் கதவு எண்ணையும் நம்பி ஓடுகிறது. லேபர் ஷெட்டுக்குக் கதவு எண் கிடையாது. மக்கள்தொகையாக எடுத்துக்கொள்ள நம்மிடம் இருப்பதோ 2011 கணக்கெடுப்பு. அடுத்தது 2027-இல்தான். 2011-இல் இருந்த நாவலூரையும் இப்போதிருக்கும் நாவலூரையும் பார்த்தவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை. அளவுகோலில் கீழே இருக்கும் எண்ணே தப்பு என்றால், ஆள் நியமனம், மருந்து ஒதுக்கீடு, தடுப்பூசி சதவீதம் எல்லாமே தப்பாகத்தான் வரும். நூறு சதவீதம் தடுப்பூசி போட்டாயிற்று என்று அறிக்கை போகும். அந்த நூறில் ஷெட்டுக் குழந்தை சேர்த்தியில்லை.

போதாக்குறைக்கு நாவலூர் ஓர் எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே ஒட்டியிருக்கும் செம்மஞ்சேரி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெற்கே செங்கல்பட்டு மாவட்டம். நகர்ப்பகுதிகளில் 2023 ஜூனில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அரசு திறந்தது. அவற்றின் நேரத்தைக் கவனியுங்கள்: காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. இந்த மாலை நான்கு மணி நேரம் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகவே படுகிறது. கிராமப்புற நிலையங்களில் ஓபி என்ற புறநோயாளிப் பிரிவு பகலில்தான். பகலில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இலவச மருந்துக்குத் தொழிலாளி கொடுக்கும் விலை ஒரு நாள் சம்பளம். அதற்குப் பதிலாக ராத்திரி மெடிக்கல் ஷாப்பில் நூறு ரூபாய்க்கு நாலு வண்ண மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அறிவான முடிவு. அந்த நாலில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும், ஒன்று ஸ்டீராய்டாகக்கூட இருக்கலாம். நாவலூர் டோல்கேட்டில் வண்டிகளிடம் பணம் வாங்குவதை 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள். மாநகராட்சிக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு கேட், கண்ணுக்குத் தெரியாதது, அப்படியே இருக்கிறது.

மொழி அடுத்தது. இது வேடிக்கையாகவும் இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும். இந்தியில் காய்ச்சலுக்கு ‘புகார்’ என்று சொல்வார்கள். ‘புகார், புகார்’ என்று ஒருவர் வந்து நின்றால் தமிழ்க் காதுக்கு யார் மேலோ பிராது கொடுக்க வந்த மாதிரி இருக்கும். தலைசுற்றலுக்கு ‘சக்கர்’. சுகர் இருக்கிறதா என்று நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிடுவார். ஒடியாவிலோ வங்காளத்திலோ பேசுகிறவர் ‘ஜ்வர’ என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும், நம் ஜுரம்தானே அது. வார்த்தையைப் புரிந்துகொண்டுவிடலாம். எப்போது தொடங்கியது, இருமலில் ரத்தம் வந்ததா, முன்பு இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறாயா என்கிற மூன்று கேள்விகளில்தான் நோயறிதல் இருக்கிறது. அங்கேதான் பேச்சு அறுந்துபோகும். பெரும்பாலும் மேஸ்திரியோ கூட வந்தவரோ மொழிபெயர்ப்பார். மேஸ்திரியை வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டு மாதமாக இருமல் என்று யார் சொல்வார்கள்? சொன்னால் வேலை இருக்குமா?

இருமல் என்றதும் காசநோய். இதில் சென்னைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உலக வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. மருந்துகள் வந்த பிறகும் நோயாளியை உள்ளே வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்றே உலகம் நம்பியது. 1956-இல் சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் ஓர் ஆய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்கள் உலகம் முழுக்க மெல்ல மூடப்பட்டதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அருமையான அறிவியல், கருணையானதும்கூட. வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போகாமல் குணமாகலாம் என்று ஏழைகளுக்கு அது சொன்னது. அந்தச் சூத்திரத்தில் ‘வீடு’ என்று ஒரு சொல் இருந்ததை அப்போது யாரும் கவனிக்கத் தேவையிருக்கவில்லை. மருந்து கொடுப்பவர் போய்த் தட்டினால் திறக்கிற கதவு ஒன்று இருக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. இன்று காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், எடை கூடும். வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்துவிட்டன என்பதே அதற்குப் பொருள். சோம்பலாக, மெதுவாக வாழும் கிருமிகள் மிச்சம் இருக்கும். அவற்றுக்காகத்தான் மீதி மாதங்கள். அரைகுறையாக விட்டால் நோய் திரும்பும். மருந்துக்குக் கட்டுப்படாத ரகமாகவும் திரும்பலாம். நிக்‌ஷய் என்ற தேசியப் பதிவேட்டில் நோயாளியின் பெயரை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்ற வழி இருக்கிறது. ஆனால் அவர் கிளம்புகிறார் என்று யாராவது சொன்னால்தானே மாற்றுவார்கள்?

கட்டுமானத்தில் இதற்கு ஒரு துணைவனும் உண்டு. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் குப்பையைத் தின்று சுத்தம் செய்யும் அணுக்கள் அந்தத் துகளைத் தின்று தாங்களே சாகும். காசநோய்க் கிருமியைப் பிடித்து வைக்க வேண்டியவையும் அதே அணுக்கள்தான். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளியின் இடத்துக்குக் கட்டிங் மிஷின் வந்தபோது தூளும் நுணுகிவிட்டது. எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு ஆழம் உள்ளே போகும். அங்கே சிற்பிகளுக்கும் இங்கே டைல்ஸ் போடுகிறவர்களுக்கும் எதிரி ஒன்றே. வித்தியாசம், டைல்ஸ்காரர் பத்து ஆண்டில் பத்து ஊரில் தூளைச் சுவாசித்திருப்பார். எந்த ஊர்த் தூள் என்று எந்த ஊர் டாக்டர் எழுதுவார்?

இவ்வளவு இருந்தும், தொழிலாளர்களைப் பார்த்தால் நோயாளிகள் போலவா இருக்கிறார்கள்? சாரத்தில் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் நம்மைவிட நன்றாக இருக்கிறார்கள். தோற்ற மயக்கம் மட்டும் அல்ல இது, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கண்டதுதான். 2018 டிசம்பரில் வெளியான லான்செட் இதழின் புலம்பெயர்வு பற்றிய ஆணைய அறிக்கையும் இதைப் பேசியது: பணக்கார நாடுகளுக்குப் போனவர்கள் பெரும்பாலான நோய்களில் அந்த நாட்டுக்காரர்களைவிடக் குறைவாகவே சாகிறார்கள், தொற்றுநோயும் விபத்து, வன்முறை போன்ற வெளிக் காரணங்களும் விலக்கு. காரணம் எளிது, ஊரை விட்டுக் கிளம்புவதே திடமான உடம்புதான். கயிற்றுக்கட்டிலில் கிடப்பவர் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ரயிலேற மாட்டார். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சால்மன் மீன் முட்டையிட்டுச் சாகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவதைப் போல, உடம்பு விழுந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெயரும் சால்மன் சாய்வு என்றே வைத்திருக்கிறார்கள். ஓஎம்ஆரில் உருவான நோய் ஒடிசாவின் பலாங்கீரில் ஒரு சாவாகப் பதிவாகும். இங்கே கணக்கு சுத்தமாக இருக்கும். அங்கே காரணம் தெரியாது. இரண்டு அரசுகளும் பொய் சொல்லாமலேயே ஓர் உண்மை காணாமல் போகும்.

இனி பணம். 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தருகிறது. எந்த மாநிலத்திலும் செல்லும் என்பது அதன் பெருமை. ஆனால் மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் விலகியது. ஒடிசா 2025-இல்தான் சேர்ந்தது. அதாவது ஓஎம்ஆரில் வேலை செய்த ஒடியா, வங்காளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அந்த அட்டையே இருக்கவில்லை. தவிர, அட்டை இருந்தாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் அது பேசும். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று ஓபிக்கு வருகிற எதற்கும் வாயைத் திறக்காது. நம் கம்பிக்காரரின் 14 நாள் மாத்திரைக்கு 5 லட்சம் ரூபாய் அட்டையால் ஒரு பயனும் இல்லை. இஎஸ்ஐ என்ற நல்ல தொழிலாளர் காப்பீட்டு ஏற்பாடு 1948 சட்டத்திலிருந்தே இருக்கிறது, ஓபியும் அதில் உண்டு, 2015 ஆகஸ்ட் முதல் கட்டுமான சைட்டுகளுக்கும் விரிந்தது. ஆனால் கான்ட்ராக்டருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி என்று போகும் ஏணியில் ‘முதலாளி யார்’ என்பதே மர்மமாக இருக்கும்போது, பெயர்ப் பதிவை யார் செய்வது?

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நேர்மாறான ஒரு நல்ல யோசனையும் தொடங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். தொடக்கத்தில் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். அடிபட்டவர் தமிழரா, வேறு மாநிலமா, வேறு நாடா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. ‘நீ எந்த ஊர்’ என்று கேட்காமல் ‘எங்கே அடிபட்டாய்’ என்று மட்டும் கேட்கிறது திட்டம். நலத்திட்ட வடிவமைப்பில் இது சின்ன மாற்றம் அல்ல. அதன் வரம்பும் நாவலூரிலேயே தெரியும். ஓஎம்ஆரைக் கடக்கும்போது கார் மோதினால் இந்தத் திட்டம் உண்டு. அதே மனிதர் சாலையோரக் கட்டடத்தின் எட்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தால் இந்தத் திட்டம் கிடையாது. அரசு மருத்துவமனையையோ கான்ட்ராக்டரின் மனசாட்சியையோ பார்க்க வேண்டியதுதான். இரண்டு இடத்துக்கும் நடுவே இருபது அடி தூரம் இருக்குமா?

புலம்பெயர்ந்தவர்களுக்கென்று தனியாக ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழர்களாகிய நமக்கு இதில் அனுபவம் நிறைய. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தார்கள். 1872-இல் இலங்கை அரசு தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவத் தேவைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் மண்டபத்தில் முகாம் அமைத்து, கப்பலேறும் முன் சில நாள் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். கவலையெல்லாம் கொழும்புக்குக் காலரா போகக் கூடாது என்பதே. மலையகத்தில் தோட்டத்துக்கென்று தனி டிஸ்பென்சரி, தனி ஆள் என்று வளர்ந்தது. அதே தீவில் உலகம் மெச்சிய இலவச அரசு மருத்துவம் கிராமங்களில் தழைத்தபோது தோட்டம் அதற்கு வெளியே நின்றது. குழந்தைகளின் எடை, தாய்மாரின் ரத்தசோகை எதை எடுத்தாலும் பிற்காலத்திலும் மலையகம் பின்தங்கியே இருந்ததற்கு வறுமையோடு இந்தத் தனிச் சுவரும் காரணம். ஏழைக்கென்று தனியாகக் கட்டினால் அந்தக் கட்டடத்தைக் குறை சொல்லும் குரல் வலுவான யாரும் உள்ளே வரமாட்டார்கள், அதுதான் சங்கடம்.

சிங்கப்பூர் இன்னும் பணக்காரப் பாடம். அங்கே விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில், நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பிள்ளைகளும் அதில் ஏராளம், 47 சதவீதம் பேருக்கு 2020 டிசம்பருக்குள் கொரோனா தொற்றியிருந்தது. ஊருக்குள் பரவல் சொற்பம். வயசும் உடம்பும் காப்பாற்றியதால் இறந்தவர் மிகச் சிலரே. பிறகு 2022 ஏப்ரலில், முதலாளிகள் கட்டாயமாகப் பணம் கட்டும் ஓர் அடிப்படை மருத்துவத் திட்டம் வந்தது. விடுதிக்குப் பக்கத்திலேயே மருத்துவ மையம், போனில் டாக்டர், தாய்மொழியில் பேச ஆள். நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பாதிப் பேருக்குத் தொற்றிய பிறகு வந்தது.

இந்தியாவிலேயே நகர்கிறவர்களை எண்ணிக் காட்டிய ஒரு வேலை நடந்திருக்கிறது. போலியோ ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் கிருமி ஒளிந்திருந்தது வீட்டுக் குழந்தைகளிடம் மட்டும் அல்ல. செங்கல் சூளை, கட்டட சைட், நாடோடிக் கூடாரம் என்று பதிவேட்டில் இல்லாத இடங்களிலும்தான். வீடு வீடாகப் போவதை நிறுத்தாமல், இந்த இடங்களுக்கென்று தனிப் பட்டியல் எழுதினார்கள். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஆள் நிறுத்திச் சொட்டு போட்டார்கள். சூளைக்கு எப்போது ஆள் வரும், எப்போது போகும் என்று காலண்டர் வைத்தார்கள். 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு சிறுமியோடு இந்தியாவின் போலியோ முடிந்தது. கவனிக்க வேண்டியது, வீடு வீடாகப் போன அதே ஏற்பாடுதான் இங்கேயும் போனது. அதன் கையில் புதிதாகச் சேர்ந்தது ஒரு பட்டியல்.

நாவலூருக்கு அதை எப்படிக் கொண்டுவருவது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறது. அதே ஊழியரின் தெருப் பட்டியலில் ‘தகர வேலி, மூன்றாவது சைட், சுமார் இருநூறு பேர்’ என்று ஒரு வரி சேர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வரியை அழித்துத் திரும்ப எழுத வேண்டும். கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு எந்த சைட்டில் எப்போது வேலை தொடங்குகிறது என்று தெரியும். அந்தத் தாளின் நகல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதற்குப் பெரிய செலவில்லை. க்யூரிங் பாத்தியின் தண்ணீரை ஏழாம் நாளுக்குள் ஒருமுறை வடித்து மாற்றவோ, பாத்திக்குப் பதில் சாக்கு போட்டு நனைக்கவோ சொல்லவும் அந்தத் தாள் உதவும். மாலை ஓபி வேண்டும். ஒரு செவிலியருக்காவது ஒடியாவில் நூறு சொல் தெரிய வேண்டும். பத்து ஆண்டு இங்கேயே தங்கி, தமிழ் பேசி, உள்ளூரில் கல்யாணமும் பண்ணிக்கொண்ட ஒடியாக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை ஓபியில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் எதுவும் ‘புலம்பெயர்ந்தோருக்கான திட்டம்’ என்று திறப்பு விழா வைக்கும்படி இல்லை. மாலை ஓபி திறந்தால் பக்கத்துத் தெருவில் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் வருவார், ஆட்டோ ஓட்டுகிறவரும் வருவார்.

ஓர் ஆளுக்கு ஓர் எண் என்று 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆபா கணக்கும் இருக்கிறது. 14 இலக்கம். நாவலூரில் எழுதிய சீட்டை ஸ்ரீசிட்டியில் திறந்து பார்க்க முடியும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அதற்கு எழுதுகிறவர் அந்த எண்ணோடு இணைத்து எழுத வேண்டும், திறக்கிறவருக்குத் திறக்கும் பழக்கம் வேண்டும், நோயாளியின் போனில் அதே சிம் இருக்க வேண்டும். நம் கம்பிக்காரர் வேலைக்கு வந்த நாலு மாதத்தில் இரண்டு சிம் மாற்றிவிட்டார்.

வேன் வந்துவிட்டது. தகரப் பெட்டி, பாய், ஒரு பிளாஸ்டிக் குடம். சட்டைப்பையில் மடித்து வைத்த ஓபி சீட்டில் நர்ஸம்மா நீல மையில் எழுதியிருக்கிறார்: வைவாக்ஸ், ஐந்தாம் நாள், மீதி ஒன்பது. கீழே அவருடைய போன் நம்பர். தமிழில் எழுதியதை அங்கே யார் படிப்பார்கள் என்று யோசித்தாரோ என்னவோ, 5 என்ற எண்ணையும் 9 என்ற எண்ணையும் மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.